அளவு ஒன்றாகட்டும்

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது பழமொழி. எந்த அளவால் அளப்பது என்பதையும் உடன் கேட்க வேண்டும். ஓர் ஊரின் அளவு மற்றோர் ஊரில் வழங்காதபோது முதலில் ஏமாறுபவர் அங்குப் புதிதாக வந்தவரே. ஆகவே, பொது அளவு வணிகர்க்கு மட்டும் உரிய வசதியன்று. ஊர்விட்டு ஊர் சென்று வாழ்வோர்க்கு அது பாதுகாப்பு.

பெங்களூரு விவேக் நகரில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. தமிழ்நாட்டில் நிலத்தைச் சென்ட் கணக்கில் பேசிப் பழகியவர், கருநாடகத்தில் குண்டே கணக்கைக் கேட்கிறார். நூறு சென்ட் ஓர் ஏக்கர். நாற்பது குண்டேயும் ஓர் ஏக்கரே. எனவே ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு குண்டே 1,089 சதுர அடி, அதாவது இரண்டரை சென்ட். இரண்டையும் ஒன்றெனக் கருதி விலை பேசுபவரின் பல்லாண்டுச் சேமிப்பு ஒரே நாளில் கரைந்துவிடக்கூடும். சென்ட் ஏறத்தாழ 40 சதுர மீட்டர், குண்டே ஏறத்தாழ 101 சதுர மீட்டர் என்று எழுதினால் குழப்பத்திற்கு இடமில்லை.

பெயர் வேறுபட்டால் ஐயம் எழும், கேட்டுத் தெளியலாம். பெயர் ஒன்றாக இருந்து அளவு வேறுபடுவது அதனினும் இடர் மிக்கது. பிரிட்டனில் 1824 ஆம் ஆண்டுச் சட்டம் கேலனைப் புதிதாக வரையறுத்தது, அது 4.546 லிட்டர். அதற்கு முன்பே பிரிந்துபோன அமெரிக்காவோ பழைய திராட்சை மது கேலனையே வைத்துக்கொண்டது, அது 3.785 லிட்டர். டன் என்பதும் இவ்வாறே. பிரிட்டனின் பழைய டன் 2,240 பவுண்டு. அமெரிக்க டன் 2,000 பவுண்டு. மெட்ரிக் டன் 1,000 கிலோகிராம்.

அளவின் பெயரைத் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்பதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், நெல்லை 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் எனப் பெயர் சுட்டியே கூறுகின்றன. ஆயினும் பிற்காலத்தில் படியும் மரக்காலும் வட்டாரந்தோறும் வேறுபட்டன. விடுதலைக்குப் பின், 1956 ஆம் ஆண்டின் எடை அளவுத் தரச் சட்டத்தால் மெட்ரிக் முறை நாடு முழுமைக்கும் பொதுவாயிற்று.

பழைய அளவுச் சொற்கள் மறைந்துவிடுமே என வருந்துவோர் உண்டு. அவ்வருத்தம் நியாயமானதே. தமிழர் 'முழம்' என்பதைக் கன்னடர் 'மொள' என்பர். பூக்கடையில் அச்சொல் இரு மொழியினர்க்கும் உறவுச் சொல்லாக நிற்கிறது. அது என்றும் வாழட்டும். ஆனால், விற்பவரின் கைநீளத்திற்கேற்ப மாறும் முழம் பூவுக்குப் பொருந்தலாம்; நிலத்துக்குப் பொருந்தாது. அவ்வாறே, மில்லிலிட்டரில் குறிக்கப்பட்ட மருந்தைச் சமையலறைக் கரண்டியால் அளத்தலும் தகாது.

புதிய ஊரில் குடியேறிய வீடுகள் பலவற்றில், பத்திரத்தையும் மருந்துச் சீட்டையும் பெற்றோர்க்குப் படித்துச் சொல்லும் பொறுப்பு பிள்ளைகளுக்கே வாய்க்கிறது. அவர்கள் எண்ணைப் படிக்கும்போதே அதன் அலகையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அலகு புரியாவிடில், மீட்டரில், கிராமில், லிட்டரில் எவ்வளவு என்று தயங்காமல் கேட்க வேண்டும்.