முன்னோர் வழக்கும் கிறிஸ்துவின் பந்தியும்

இலக்கணம் பயிலும் மாணவராகிய எமக்கு 'மரபு' என்பது நாடோறும் செவியில் விழுஞ் சொல். தொல்காப்பியனார் தம் நூலின் இறுதியியலுக்கு மரபியல் என்றே பெயரிட்டார். முன்னோர் எப்பொருளை எச்சொல்லால் வழங்கினரோ, அவ்வாறே வழங்குதல் மரபு. அதனின் விலகுதல் வழு. ஆயினும், அம்மரபைப் போற்றிய நன்னூலாரே காலத்தின் போக்கால் சொல் வழக்கு மாறுதலைக் குற்றமாகக் கொண்டிலர். சொல்லுக்கே இவ்விதியாயின் வாழ்வுக்கு விதி யாது? முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற வழக்கங்களுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து வளர்ந்த மாணவர் என்ற முறையில் இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

நம்மிடையே இருதிறத்தார் உளர். ஒரு திறத்தார், வேதத்தில் எழுதப்படாத வழக்கமெல்லாம் வீண் என்பர். தாலி, பூமாலை, கீர்த்தனை, அசனம் ஆகிய யாவற்றையும் ஐயத்தோடு நோக்குவர். மற்றொரு திறத்தார், முன்னோர் செய்தமையே போதிய சான்று என்பர். 'ஏன்' என வினவும் இளைஞரை அடக்கமற்றவர் என்பர். நம் கர்த்தர் இவ்விருவர் பக்கமும் நின்றாரல்லர். ஓய்வுநாளில் ஜெப ஆலயத்திற்குச் செல்லுதல் அவருக்கு வழக்கமாயிருந்தது என்று லூக்கா எழுதுகின்றார். அவரே, பொருளைக் கொர்பான் என்று காணிக்கையாக நேர்ந்துவிட்டுப் பெற்றோரைப் பேணாது விடுதற்கு இடந்தந்த மரபை, மாற்கு சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்திற் கடிந்துரைக்கின்றார். பவுலும், தீமோத்தேயுவின் விசுவாசம் அவன் பாட்டி லோவிசாளிடத்தும் தாய் ஐனிக்கேயாளிடத்தும் முன்னரே நிலைத்திருந்ததை நினைந்து மகிழ்கின்றார். ஆகவே, மரபு என்னும் அவ்வொன்றாலேயே ஒரு வழக்கம் கொள்ளத்தக்கதும் அன்று, தள்ளத்தக்கதும் அன்று.

எம்முடைய விசுவாசமும் பாட்டியாரிடமிருந்தே வந்தது. திருநெல்வேலிச் சீமையில் உள்ள எம் சிற்றூரில், பொழுது சாய்ந்து விளக்கேற்றியவுடன் வீட்டார் அனைவரும் பாயிற் கூடுவர். பாட்டியார் கீர்த்தனை பாடுவார். சிறுவருள் ஒருவர் வேதம் வாசிப்பார். பின்னர் முழங்காற்படியிட்டு ஊரார் பெயரெல்லாம் சொல்லி ஜெபிப்பார். காலையில் உலைக்கு அரிசி களையுமுன் ஒரு கைப்பிடி எடுத்துக் கோயிற் கலயத்தில் இடுவார். பஞ்ச காலத்திலும் அக்கைப்பிடி தவறியதில்லை என்று சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆண்டுக்கொரு முறை அசனம் நிகழும். சபையார் யாவரும் தத்தம் இயல்புக்கேற்ப அரிசியும் பணமுங் கொடுத்து, கோயில் வளாகத்தில் ஒருங்கே சமைத்து, ஒரே பந்தியில் அமர்ந்து உண்பர். இவை எவ்வேத வசனத்திலும் விதிக்கப்பட்டன அல்ல. ஆயினும், ஜெபிக்கவும் கொடுக்கவும் பகிர்ந்துண்ணவும் எமக்குக் கற்பித்தவை இவ்வழக்கங்களே. இவற்றை இழப்போமாயின் நாம் இழப்பது சிறிதன்று.

அவ்வீட்டிலேயே மற்றொரு வழக்கமும் உண்டு. அதனைச் சொல்லுதற்கு எம் நா கூசுகின்றது, சொல்லாதொழிவது பொய்யாகும். வீட்டின் பின்கட்டுச் சுவர்ப் பிறையில் ஒரு பித்தளைத் தம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். எம் வயலில் உழைக்கும் பெரியவர் ஒருவர் வரும்போது மட்டும் அஃது எடுக்கப்படும். அவர் அருந்தியபின் அவரே கழுவி அவ்விடத்திலேயே வைத்துச் செல்வார். அவர் புறச்சமயத்தார் அல்லர். எம் சபையின் அங்கத்தினரே. நற்கருணை ஆராதனையில் எம் பாட்டியார் அருந்தும் பாத்திரத்திலேயே அவரும் அருந்துகின்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரம். திங்கட்கிழமை வேறு பாத்திரம்! இதற்கு யாது பெயரிடுவது? மரபு என்போமா? மரபுவழு என்போமா?

இம்முரண் எம் வீட்டோடு நில்லாதது. நம் சபைகளின் சரித்திரத்தோடு பிறந்தது. பாட்டியார் பாடும் கீர்த்தனைகளுட் பல, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இயற்றியவை. 1774ஆம் ஆண்டு பிறந்து, சுவார்ச்சு ஐயரிடம் பயின்று, பெத்லகேம் குறவஞ்சி முதலியன பாடிய பெரும்புலவர் அவர். 1820களில் புதிதாக வந்த மிஷனெரிமார் செய்த மாற்றங்களை எதிர்த்து, அவரும் அவரைச் சார்ந்தோரும் நான்கு குறைகளை எடுத்துரைத்தனர். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுதல், விழாக்களிற் பூக்களை விலக்குதல், ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனையை ஒடுக்குதல், சாதியாரை ஒன்றாகக் கலத்தல் என்பன அவை. மொழிபெயர்ப்பின் நயத்தைப் புலவர் ஆராய்க. பூவுக்காகவும் பாட்டுக்காகவும் அவர் வாதாடியது நமக்குப் பேருபகாரம். அவ்வாதத்தில் தமிழும் கிறிஸ்துவும் பகையல்லர் என்னும் உண்மை இருந்தது. ஆனால், நான்காவதன் பொருட்டு அவர் 1829இல் சாதியாசாரத்தை ஆதரித்து எழுதியதை நாம் ஏற்றல் இயலாது. ஒருவர் கையினின்றே பொன்னும் பெறுகின்றோம், களிம்பும் பெறுகின்றோம். பொன்னைக் கொண்டு களிம்பைத் துடைத்தல் அவரை அவமதித்தல் ஆகாது.

பொன் எது, களிம்பு எது என்று காட்டும் உரைகல் யாது? அது கர்த்தருடைய பந்தியே என்பது எம் கருத்து. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டு வந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடன் அஞ்சி விலகிக்கொண்டபோது, பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார். விலகி உண்ணுதலும் முன்னோர் மரபே. ஆயினும் அது சுவிசேஷத்தின் நேர்வழியன்று எனக் கண்டார். கொரிந்துச் சபையில் ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் வெறித்திருந்ததையும் அவரே கண்டித்தார். பந்தியை விரிக்கும் வழக்கம் கிறிஸ்துவினுடையது. பந்தியைச் சுருக்கும் வழக்கம், எத்துணைப் பழமையுடையதாயினும், அவருடையதன்று. இவ்வுரைகல்லில் கைப்பிடி அரிசியும் அசனமும் குடும்ப ஜெபமும் பொன்னாய் ஒளிரும். பித்தளைத் தம்ளர் கறுக்கும்.

1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சபைகளுக்குள் சாதி வேற்றுமை ஒழிக என்று நிருபம் விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் அதனைப் பொறாது சபையை விட்டு நீங்கினார் பலர். வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது; அதன்பொருட்டு நீதிமன்றத்தில் வழக்கும் தொடுக்கப்பட்டது. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பு 1950இல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்திற்கு முன்னே அன்பு நடந்திருத்தல் வேண்டாவா? இன்றும் நம் மணமகன், மணமகள் தேவை விளம்பரங்களிற் 'கிறிஸ்தவர்' என்னுஞ் சொல்லின் அருகே சாதிப்பெயர் கூசாது நிற்கின்றது. கற்சுவர் இடிந்தது, சொற்சுவர் இடியவில்லை.

'பெரியோரை எதிர்த்தல் ஐந்தாங் கற்பனையை மீறுதல் அன்றோ?' எனச் சிலர் வினவுவர். பெற்றோரைக் கனம்பண்ணுதல் என்பது அவர் தவற்றையும் காத்தல் அன்று. அவர் நமக்குக் கற்பித்த நன்மையை அவரினும் ஒருபடி மேலே கொண்டு செல்லுதலே. எம்மை முழங்காற்படியிடச் செய்தவர் எம் பாட்டியார். அம்முழங்காலில் நின்ற காரணத்தினாலேயே அத்தம்ளர் எம் கண்ணை உறுத்திற்று. சென்ற விடுமுறையில், அப்பெரியவர் அருந்தி முடித்தபின், அதே தம்ளரை வாங்கி அதிலேயே யாமும் காப்பி அருந்தினோம். பாட்டியார் அன்று முழுதும் எம்மோடு பேசவில்லை. மாலை ஜெபத்தில் மட்டும், ஊரார் பெயர்களைச் சொல்லி வருகையில், அப்பெரியவர் பெயர் வந்தவிடத்துச் சிறிது நின்று, பின்னர்த் தொடர்ந்தார். தம்ளர் இன்னும் அப்பிறையிலேயே இருக்கின்றது. ஆயினும் அந்நிறுத்தத்தை யாம் மறந்திலோம். அவரும் மறந்திரார் என்றே நம்புகின்றோம்.

மாணவ நண்பர்களே! பட்டம் பெற்று இக்கல்லூரியை விட்டுச் செல்லும்போது நம் குடும்பத்து ஜெபப் பாயையும் அரிசிக் கலயத்தையும் உடன் கொண்டு செல்வோமாக. அடுத்த விடுமுறையில் வீடு சேர்ந்தவுடன் பின்கட்டுப் பிறையையும் ஒருமுறை நோக்குவோமாக. ஆங்கே தனித்ததொரு தம்ளர் இருப்பின், அதனைக் கழுவி, வீட்டாருடைய தம்ளர்களோடு அடுக்கி வைப்பதே நாம் முன்னோர்க்குச் செய்யும் மெய்யான மரியாதை.