உனக்கென்ன வெயில்!

தில்லிக்கு நான் வந்த புதிதில் பலரும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "நீர்தாம் மதராசியாயிற்றே, உமக்கென்ன வெயில்?" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "ஆமாம், எனக்கென்ன வெயில்!" என்று சொல்லி வைத்தேன். முதல் வைகாசி வந்தபோது அந்த வீம்பு உருகி ஓடிற்று. சென்னை வெயிலும் கடுமையானதுதான். கத்திரி நாட்களில் வெந்து வளர்ந்தவர்கள்தாம் நாம். ஆனால் பிற்பகலில் கடற்காற்று என்னும் கருணை ஒன்று அங்கே உண்டு. தில்லிக்குக் கடல் ஏது? மேற்கேயிருந்து 'லூ' என்னும் அனற்காற்றுதான் வருகிறது. வேனிலையும் நண்பகலையும் பாலைக்கு உரியனவாக வைத்தார் தொல்காப்பியர். அதை நான் வகுப்பறையில் படித்தேன். அதன் பொருளை இங்கேதான் உணர்ந்தேன்.

இவ்வளவு பட்டறிந்த நானே அதே கேள்வியை இன்னொருவரிடம் கேட்டுவிட்டேன். அதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் விடுதியின் மேல்மாடியில், என் அறைக்கு அடுத்த அறையில், எத்தியோப்பிய மாணவர் ஒருவர் இருக்கிறார். அடிஸ் அபாபா நகரத்தவர். 2024ஆம் ஆண்டு சித்திரையில் ஒருநாள் அவரிடம், "நீங்கள் ஆப்பிரிக்கர், உங்களுக்கென்ன வெயில்!" என்றேன். அவர் சிரித்தார். நான் முன்பு சிரித்த அதே சிரிப்புத்தான் அது என்பது எனக்கு அப்போது எட்டவில்லை. பிறகு தேசப்படத்தை எடுத்துப் பார்த்தேன். அடிஸ் அபாபா கடல்மட்டத்திற்கு மேல் 7,500 அடிக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கிறது. நம் உதகமண்டலத்தைவிட உயரமான ஊர்! உதகையிலிருந்து ஒருவரை அழைத்து வந்து தில்லியின் மேல்மாடியில் மே மாதத்தில் குடிவைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அவர் இருந்தார். நாமோ அவருடைய நிறத்தைப் பார்த்து அவர் ஊரின் தட்பவெப்பத்தை முடிவு செய்துவிட்டோம்.

அவ்வாண்டு மே 29 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவாயிற்று. அந்த வாரத்தில்தான் எங்களுக்குத் தேர்வு. பிற்பகலில் தேர்வெழுதிவிட்டு வெறுந்தலையோடு நடந்து வந்த நண்பர், விடுதிப் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலைசுற்றல், வாந்தி. நாங்கள் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தோம். பீகாரிலிருந்து வந்த காவற்காரப் பெரியவர்தாம் ஓடி வந்தார். நண்பரை நிழலில் கிடத்தி, தம் துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து விசிறினார். தெளிந்த பிறகு உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தார். பட்டம் பெறப் படிக்கும் இருபது பேருக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று இரவில் கேட்டேன். "சொன்னால் சிரிப்பீர்கள் என்று எண்ணினேன்" என்றார். வியர்வையே காணாததால் தண்ணீர் வேண்டியதில்லை என்றும் நினைத்தாராம். வறண்ட காற்றில் வியர்வை வெளிவந்த கணமே உலர்ந்துவிடும். உடம்பு நீரை இழப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த மொட்டைமாடித் தளம் இரவெல்லாம் அதை அறைக்குள் உமிழ்வதால், அவர் பல நாட்களாகத் தூங்கவும் இல்லை.

அன்பர்களே, இந்த வெயிலில் திண்டாடிய முதல் அயலவர் இவர் அல்லர். 1526இல் பானிப்பட்டில் வென்ற பாபரின் தளபதிகள் பலர், ஆக்ராவின் கோடையைத் தாங்கமாட்டாமல் காபூலுக்குத் திரும்பவே துடித்தார்கள். பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் வெப்பத்தையும் காற்றையும் புழுதியையும் நொந்துகொள்கிறார். குளியல் மண்டபத்தையும் நீரோடும் தோட்டத்தையும் அமைத்து அவற்றை எதிர்கொண்டார். ஆங்கிலேயர் 1864 முதல் சிம்லாவைக் கோடைத் தலைநகராக்கிக்கொண்டு மலையேறினார்கள். எஞ்சியவர்களுக்கு நம் வெட்டிவேர்த் தட்டியும் பங்கா இழுக்கும் ஏழையின் கையும் இருந்தன. அரசருக்குத் தோட்டம், வைசிராய்க்கு மலை. விடுதி மாணவருக்கு வெந்நீர் வரும் குழாய்!

"பொறுத்துக்கொண்டால் பழகிவிடும்" என்று பெரியோர் சிலர் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஓரிரு வாரங்களில் உடம்பு வெப்பத்திற்குப் பழகத்தான் செய்கிறது. வியர்வை விரைவில் சுரக்கிறது, அதில் உப்பின் அளவு குறைகிறது, இதயத்தின் பாரமும் குறைகிறது. ஆனால் சிறிது சிறிதாக வெயிலில் புழங்கி, தாராளமாக நீர் குடித்து, இரவில் ஓய்ந்து உறங்கினால்தான் அந்தப் பழக்கம் வாய்க்கும். அவற்றில் ஒன்றையும் கொடுக்காமல் ஒருவரைப் பொறுக்கச் சொல்வது கொடுமை.

செய்ய வேண்டியவை பெரியனவும் அல்ல. மே மாதத் தேர்வுகளைக் காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிக்கலாம். மாடிதோறும் குடிநீர் வைக்கலாம். புதியவர்களையே மேல்மாடியில் தள்ளும் வழக்கத்தை விடலாம். வெளிநாட்டு மாணவர்க்கு ஆடியில் வரவேற்பு விழா நடத்துகிறோம். அவர்கள் காண்பதோ மழைக்காலப் புழுக்கம். பங்குனியில் ஒருமுறை கூடி, வரப்போகும் கோடையைப் பற்றிச் சொல்லலாம் அல்லவா? 2010இன் கொடிய வெப்ப அலைக்குப் பிறகு, 2013இல் அகமதாபாத் நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்து முன்னெச்சரிக்கையும் குடிநீரும் மருத்துவர்க்குப் பயிற்சியும் ஏற்பாடு செய்தது. ஒரு மாநகரம் செய்ததை ஒரு விடுதி செய்யக்கூடாதா?

நிர்வாகம் செய்யும்வரை நம் சங்கம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுவிழாவில் விருந்தோம்பலைப் பற்றி அழகாகப் பேசுகிறோம். ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலையையும் காதையும் மூடும் துணி, நண்பகலில் நிழல், மயங்கியவரை உடனே நனைத்து மருத்துவரிடம் சேர்த்தல். இவ்வளவையும் ஒரு தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு புதியவர் கையிலும் சித்திரைக்கு முன் கொடுப்போம். எழுதித் தரக் காவற்காரப் பெரியவரையே கேட்போம். நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

என் பங்குக்கு நான் ஒரு மண்பானை வாங்கி, எங்கள் இரு அறைகளுக்கும் நடுவே தாழ்வாரத்தில் வைத்திருக்கிறேன். முறைபோட்டு இருவரும் நிரப்புகிறோம். நான் மறந்த நாட்களில் நண்பர் கதவைத் தட்டி, "மதராசிக்கு என்ன வெயில் என்று இருந்துவிட்டீரா?" என்கிறார்.