நிம்ஃப் கட்டப் பழகணுமா? மொதல்ல ஒரு புழு கட்டுங்க

ஃப்ளை கட்டப் பழகணும்னு ஆசைப்படற யாரா இருந்தாலும் நான் சொல்ற முதல் வார்த்தை: கிட் வாங்காதீங்க. நான் வாங்கினேன். பெட்டி மேல பன்னிரண்டு வகை ஃப்ளை படம், உள்ள கலர் கலரா இறகு, முடி, மினுமினு நூல். கூடவே ஒரு வைஸ். நூலைக் கொஞ்சம் இழுத்தா போதும், அந்த வைஸ்ல இருக்கற முள் அப்படியே தலையைத் தொங்கப் போட்டுடும். மூணு மாசத்துல பன்னிரண்டு வகையிலயும் ஒவ்வொண்ணு கட்டிப் பார்த்தேன். பன்னிரண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. குளியலறை வடிகால்ல சிக்கின முடி மாதிரி.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. நம்ம ஊர்ல தூண்டில் முள்ளுல மண்புழு கோப்போம். ட்ரௌட் மீனுக்கு ஃப்ளை போடறவங்க, இறகு, முடி, நூல் வச்சு முள்ளு மேலயே ஒரு பொய்ப் பூச்சி கட்டுவாங்க. தண்ணி மேல மிதக்கறது ட்ரை ஃப்ளை. தண்ணிக்கடியில போறது நிம்ஃப், அதாவது சிறகு முளைக்காத பருவத்துப் பூச்சி. மேஃப்ளைங்கற பூச்சி மாசக்கணக்குல, சில வகை வருஷக்கணக்குல, ஆத்தடியிலயே கிடந்து வளரும். வெளிய வந்து சிறகு விரிச்சா ஒண்ணு ரெண்டு நாள்தான் ஆயுசு, நம்ம ஈசல் மாதிரி. அதனால ட்ரௌட் திங்கறதுல பெரும்பகுதி தண்ணிக்குள்ளதான் நடக்குது.

இது மீனுக்கு எப்பவுமே தெரியும். மனுஷனுக்குத்தான் சண்டை. ஹால்ஃபோர்டு 1886ல ட்ரை ஃப்ளை பத்திப் புத்தகம் போட்டதுல இருந்து, தெற்கு இங்கிலாந்து ஆறுகள்ல மிதக்கற ஃப்ளைதான் கௌரவம், அடியில போடறது கேவலம்னு ஒரு ஆசாரம் உருவாகிடுச்சு. ஸ்க்யூஸ்னு ஒரு வக்கீல், பிடிச்ச மீனோட வயித்துல என்ன இருக்குன்னு பார்த்துப் பார்த்து, 1910ல ஒரு புத்தகம் எழுதி அதை எதிர்த்தார். 1938ல லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்ல உக்காந்து, நிம்ஃப் போடறது நியாயமான்னு பட்டிமன்றமே நடத்தியிருக்காங்க. சாலமன் பாப்பையா ஒருத்தர்தான் பாக்கி.

சரி, கட்டற கதைக்கு வர்றேன். பழகறவங்க கிட்ட எல்லாரும் சொல்றது, ஃபெசன்ட் டெயில் நிம்ஃப்ல ஆரம்பின்னு. இதுதான் எனக்கு ஒத்துக்க முடியலை. இங்கிலாந்துல ஏவன் ஆத்தைப் பராமரிச்சுட்டிருந்த ஃப்ராங்க் சாயர் கண்டுபிடிச்ச ஃப்ளை அது. ஃபெசன்ட் பறவையோட வால் இறகுல சில இழை, மெல்லிசான செம்புக் கம்பி, அவ்வளவுதான். நூலே கிடையாது, கம்பியே நூல், கம்பியே எடை. நீந்தற நிம்ஃப் காலை உடம்போட ஒட்டி வச்சுக்கும்னு கவனிச்சு, காலே வைக்காம விட்டவர். மேதை, சந்தேகமே இல்லை. ஆனா சுலபமா தெரியறது வேற, சுலபமா இருக்கறது வேற. வால் நீளம், இழையைக் கம்பியோட முறுக்கறது, முதுகுக்கு முன்னும் பின்னும் மடிக்கறது, இத்தனையும் புதுசா வர்றவன் ஒரே நேரத்துல கத்துக்கணும். இழை வேற பட்டுனு அறுந்துடும். (அமெரிக்கால ஆல் ட்ராத்ங்கறவர் இதுக்கு மயிலிறகு இழையில நெஞ்சு கட்டினார். மயிலிறகு குட்டி போடும்னு நோட்டுக்குள்ள வச்ச பரம்பரை நாம, நமக்குப் பொருளாவது பழக்கம்!)

நான் சொல்றது வால்ட்ஸ் வார்ம். 1980கள்ல நம்ம பென்சில்வேனியாக்காரர் வால்ட் யங் கட்டினது. முள், ஈயம் இல்லாத எடைக் கம்பி, நூல், முயல் முடி. நாலே பொருள். வால் இல்லை, கால் இல்லை, தலை இல்லை. பார்த்தா பஞ்சுத் துணுக்கு மாதிரி இருக்கும். 14ஆம் நம்பர் முள்ளுல இதையே இருபத்தஞ்சு கட்டுங்க. வேற எதுவும் வாங்காதீங்க.

ஏன் இதுன்னா, பழகறவன் பண்ற தப்பே மூணோ நாலோதான், அது அத்தனையும் இதுல அப்பட்டமா தெரியும். மொதல் தப்பு, முள்ளோட கண்ணு வரைக்கும் அடைச்சுடறது. கடைசி முடிச்சுக்கு இடம் இருக்காது, நரம்பு கோக்கற ஓட்டையே மூடிக்கும். கண்ணுக்குப் பின்னாடி, ஒரு கண்ணு அகலம் வெறும் முள்ளா விட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

அடுத்து டப்பிங். சினிமா டப்பிங் இல்லீங்க. நூல் மேல முடியை வச்சு விரலால உருட்டித் திரிக்கறதுக்குப் பேரு அது, விளக்குத் திரி திரிக்கற மாதிரி. எடுத்த முடியில பாதியைத் தூக்கிப் போடணும், மிச்சத்துலயும் பாதியைத் தூக்கிப் போடணும், அப்பவும் அதிகமாத்தான் இருக்கும். நூல்ல நிழல் படிஞ்ச மாதிரி இருந்தா சரியான அளவு. இது சொல்லி வராது. எனக்குப் பதினாலாவது புழுவுலதான் விரலுக்குப் புரிஞ்சுது.

நூல் இழுக்கற பதத்தைச் சொல்லிக் குடுத்தது தங்கமணி. கோடையில தொட்டி மல்லி பூக்கும். அன்னிக்கு அவங்க எதிர்ல உக்காந்து பூ கட்டிட்டிருந்தாங்க, நான் பல்லைக் கடிச்சுட்டு நூலை இழுக்கறேன், டப்புனு அறுந்துச்சு. மூணாவது தடவை.

"ஏங்க, அதைக் கொல்லப் போறீங்களா கட்டப் போறீங்களா? காம்பு அறுபடாம, பூவும் நழுவாம, நடுவுல ஒரு பதம் இருக்குல்ல?"

"பன்னெண்டு தினுசு கட்டியாச்சு, ஒண்ணும் வரலை."

"மொதல் நாளே கதம்பம் கட்டினா எப்படி வரும்? நாங்கல்லாம் இலையை வச்சுக் கட்டிப் பழகினோம்."

அவங்க விரல்ல ஒரு வளையம் போட்டுக் காம்பு மேல மாட்டி இழுக்கறதைப் பார்த்தேன். சாட்சாத் அரை முடிச்சு. புத்தகத்துல படம் படமா பார்த்தும் புரியாதது அது. கிட்டை அன்னிக்குத்தான் பரண்ல ஏத்தினேன்.

இருபத்தஞ்சும் ஒண்ணேயா, போரடிக்காதான்னு கேட்பீங்க. அடிக்கும். பத்தாவதுல வெறுத்துடும். கோணலா வந்ததைப் பிளேடால அறுத்துட்டு, அதே முள்ளுல மறுபடி கட்டினேன். இருபத்தஞ்சு கட்டினதுக்குப் பதினொரு முள்தான் செலவு.

மே மாசம் பெல்ஃபான்ட் பக்கத்துல ஸ்ப்ரிங் க்ரீக் போனேன். சுண்ணாம்புப் பாறை ஊத்துத் தண்ணி, கோடையிலயும் சில்லுனு இருக்கும். இருக்கறதுலயே அழகானதை மொதல்ல போட்டேன். மூணாவது வீச்சுலயே வெறும் முள்ளும் கம்பியும்தான் திரும்பி வந்துச்சு. கடைசி முடிச்சு சரியில்லை, மொத்தமா அவிழ்ந்துடுச்சு. ஒன்பதாவது புழுன்னு நினைக்கறேன், குண்டா, ஒரு பக்கம் சொட்டையா, தூக்கிப் போட மனசில்லாம வச்சிருந்தது. அதைப் போட்டேன். பாறைக்குப் பின்னாடி கோடு நின்னுச்சு. கல்லுல மாட்டிக்கிச்சுன்னு நினைச்சு இழுத்தா, கல்லு நகருது.

ஒரு சாண் பழுப்பு ட்ரௌட். அந்த ஆத்துல பிடிச்சதைத் திரும்ப விட்டுடணும், முள்ளோட கொக்கியை முன்னாடியே நசுக்கி வச்சிருந்ததால நோகாம வந்துடுச்சு. வாழ்நாள் பூரா கீபோர்டைத் தவிர எதையும் தொடாத விரல் கட்டினது, ஒரு உசுரை ஏமாத்தியிருக்கு. கொஞ்ச நேரம் தண்ணியிலயே நின்னுட்டிருந்தேன்.

இப்ப ஃபெசன்ட் டெயில் கட்டறேன். ஆறாவதுலயே உருப்படியா வந்துச்சு.

பி.கு: விப் ஃபினிஷ் முடிச்சு வரலைன்னா அழாதீங்க. ரீஃபில் எடுத்த பால்பாயிண்ட் பேனா முனையில நூலை ஒரு சுத்து சுத்தி, முனையை முள்ளோட கண்ணுல மாட்டி, நூலை வழுக்கி விட்டா அரை முடிச்சு தானா விழும். நாலு போட்டு, மேல ஒரு சொட்டு நிறமில்லாத நெயில் பாலிஷ். தங்கமணிகிட்ட கேட்டுட்டு எடுங்க.