அழைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்?

சில ஆண்டுகளுக்கு முன் வன்னியில், குளம் ஒன்றை அண்டிய கிராமத்திலே இரண்டு நாள் கருத்தரங்கு நடத்தப் போயிருந்தோம். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு எனப் பல தரப்பினரும் வந்திருந்தனர். முப்பது பேர் வரையில் இருக்கும். பேச்சைத் தொடக்கி வைப்பதற்காக நான் ஒரு கேள்வி கேட்டேன். "உங்கள் ஊரில் இறைவனால் அழைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்?"

விரல்விட்டு எண்ணினார்கள். "மூன்று பேர்" என்றார் ஓர் அம்மா. ஒரு குருவானவர், இரண்டு கன்னியாஸ்திரிகள். பின்னாலிருந்து ஓர் இளைஞன் "மூன்றரை" என்றான். குருமடத்துக்குப் போய் இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிட்ட ஒருவரைத்தான் அவன் அரையாகக் கணக்கெடுத்திருந்தான். எல்லாரும் சிரித்தார்கள். அந்த "அரை" மனிதரும் அங்கேதான் இருந்தார். இப்போது நாற்பது வயதுக்கு மேல், மூன்று பிள்ளைகளின் தகப்பன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு கிராமத்திலே நூற்றுக்கணக்கான திருமுழுக்குப் பெற்ற மக்கள் இருக்க, இறைவன் மூன்று பேரோடு மட்டுமே பேசினார் என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். இதை அவர்களுக்கு யார் கற்பித்தது? நாம்தான் கற்பித்தோம். 1964ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுலின் காலத்தில் ஆரம்பித்த இறை அழைத்தல் ஞாயிறு வருடந்தோறும் பாஸ்காக் காலத்தின் நான்காம் வாரத்தில் வருகிறது. அன்று குருமட மாணவர் வந்து பேசுவார்கள், உண்டியல் எடுக்கப்படும், "அறுவடையோ மிகுதி" என்ற பொருளில் மறையுரை நடக்கும். குருக்களுக்காகவும் துறவியருக்காகவும் மன்றாடுவது தேவையான காரியம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வருடத்தில் ஒரே ஒரு நாள் "அழைத்தல்" என்ற சொல்லைக் கேட்கிற கமக்காரனும் மீன்பிடிகாரனும் அது தங்களுக்குரிய சொல்லல்ல என்று முடிவுகட்டுவதில் என்ன ஆச்சரியம்?

இதிலே வேடிக்கை என்னவென்றால், அதே 1964ஆம் ஆண்டு நவம்பரில்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய தனது பெரிய ஏட்டை வெளியிட்டது. அந்த ஏட்டில் ஆயர்களையும் குருக்களையும் பற்றிய அதிகாரம் மூன்றாவதாக வருகிறது. அதற்கு முன், இரண்டாவதாக, இறைமக்கள் எல்லாரையும் பற்றிய அதிகாரம். இந்த வரிசை தற்செயலாக வந்ததல்ல. சங்கத் தந்தையர் விவாதித்து எடுத்த முடிவு. ஐந்தாம் அதிகாரம் முழுவதும், புனிதம் என்பது எந்த நிலையில் வாழ்பவருக்கும் விடுக்கப்பட்ட அழைப்பு என்பதைப் பற்றியதே. மார்ட்டின் லூதர் 1520இலேயே, திருமுழுக்குப் பெற்ற அனைவரும் குருத்துவத் தகைமை உள்ளவர்கள் என்று எழுதிவிட்டார் என்று எமது புரொட்டஸ்தாந்து நண்பர்கள் நினைவூட்டுவார்கள். சரிதான். ஆனால் அவர்களுடைய கோயில்களிலும் போதகர் வராத ஞாயிறு வெறும் ஞாயிறாகவே கழிவதை நான் கண்டிருக்கிறேன்.

ஏடுகளை விட்டுவிட்டு எமது சொந்த மண்ணின் வரலாற்றுக்கு வருவோம். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. பிள்ளையின் பிறப்பும் திருமணமும் ஒல்லாந்தச் சபையின் தோம்பிலே பதியப்பட வேண்டும். இல்லாவிட்டால் முதுசச் சொத்துக்கே வில்லங்கம். அதன் பிறகு 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள், குரு என்று தெரியாதபடி ஏழையின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை, ஏறத்தாழ 29 வருடங்கள். ஒரு தலைமுறைக் காலம்.

அந்த 29 வருடங்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் யார்? ஆயர் இல்லை, குரு இல்லை, கன்னியர் மடம் இல்லை. இருந்தவர்கள் மூப்பர்மாரும் அண்ணாவிமாரும், பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த தாய்மாரும்தான். 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்த இருபது குடும்பங்கள் அன்னையின் திருச்சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள் என்பது மடுவின் மரபு. மருதமடு என்ற அந்தக் காட்டிடம்தான் இன்று லட்சக்கணக்கானோர் கூடுகிற திருத்தலம். அந்த இருபது குடும்பத்தவரின் பெயர்களை யாராவது சொல்ல முடியுமா? எந்தத் தலத்துக்கும் அவர்கள் பெயர் இல்லை. சுரூபத்தைத் தூக்கியவர் கமக்காரரா, முத்துக் குளித்தவரா, ஒன்றும் தெரியாது. சிறுபிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டுப்பாதையில் நடந்த தாய்மார் இருந்திருப்பார்கள் என்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். இடம்பெயர்ந்து நடந்த எமக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. 2008 ஏப்ரலில் அதே சுரூபம் யுத்தத்தின் மத்தியில் மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டபோது பழைய மாந்தைக் கதையை நினைக்காதவர் எமது பகுதியில் இருக்கமாட்டார்.

யோசேவ் வாஸ் அடிகளை 1995இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் காலிமுகத்திடலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதே திடலில் புனிதராகவும் அறிவித்தார்கள். அது எமக்கெல்லாம் பெருமை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாக யாசித்தார் என்றும், அதைக் கண்டு முகம் மாறியவர்களை வைத்தே கத்தோலிக்கரை இனங்கண்டார் என்றும் சொல்லப்படுகிறது. முகம் மாறுவதற்கு அந்த வீடுகளில் ஆட்கள் இருந்தார்களே! குரு ஒருவரையே கண்டிராத இளம் பெண்ணுக்கும் செபமாலை இன்னதென்று தெரிந்திருந்ததே! அவர் வந்து விளக்கை ஏற்றவில்லை. எரிந்துகொண்டிருந்த விளக்குகளைத் தேடிப் போனார். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்தார்கள். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடியவர்களை ஒல்லாந்தர் சுற்றிவளைத்தபோது அடிகள் தப்பினார். பிடிபட்டு வதைபட்டவர்கள் பொதுநிலையினர். திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் மறைக்கல்வியாளர் பணியை, எமது வழக்கில் சொன்னால் உபதேசியார் பணியை, திருச்சபையின் நிலையான பணியாக ஏற்படுத்தினார் என்ற செய்தியைப் படித்தபோது, எங்கள் ஆட்களுக்கு நியமனக் கடிதம் கொஞ்சம் பிந்தித்தான் வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். இவையெல்லாம் கோயில் சம்பந்தப்பட்ட பணிகள்தானே, வயலில் நிற்பவனுக்கு என்ன அழைத்தல்? வேதாகமத்தில் இறைவனின் ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று வெளிப்படையாகச் சொல்லப்படும் முதல் ஆட்களில் ஒருவர் பெசலேல். விடுதலைப் பயண நூலில் வருகிறார். அவர் இறைவாக்கினரல்ல, குருவுமல்ல. பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் எல்லாவற்றிலும் வேலை தெரிந்த ஒரு கைவினைஞர். அதே நூலின் முதல் அதிகாரத்தில் சிப்ரா, பூவா என்ற இரண்டு மருத்துவிச்சிகள் வருகிறார்கள். எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி பார்வோன் இட்ட கட்டளையை அவர்கள் நிறைவேற்றவில்லை. பார்வோனின் பெயரைக்கூட அந்நூல் சொல்லவில்லை. மருத்துவிச்சிகளின் பெயரைச் சொல்கிறது. ஆமோஸ் தெக்கோவாவில் ஆடுமாடு பார்த்தவர், அத்திப்பழத் தோட்டத்தில் வேலை செய்தவர். இயேசுவே பொதுவாழ்வுக்கு வரும்போது ஏறக்குறைய முப்பது வயது. அதுவரை நாசரேத்தில் தச்சுத் தொழில்.

ஆனால் இந்த இடத்தில் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். "உன் தொழிலே உனக்கு இறைவன் தந்த அழைப்பு" என்ற வசனம் இனிப்பானது. அதை யார் யாருக்குச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். தோட்டத்துரை கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இதைச் சொன்னால் அதன் அர்த்தம் வேறு. மலையகத் தோட்டங்களில் பெண் தொழிலாளிக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது 1984இல்தான். அதற்கு முன் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அவள் குறைந்த கூலி பெற்றது இறைவனின் அழைப்பா? எமது வடபகுதிக் கோயில்களில் சாதிப்படி இருக்கை பிரித்திருந்த காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்போதும் "அவரவர் அழைக்கப்பட்ட நிலையில் இருக்கட்டும்" என்ற கருத்தில் பவுலடிகள் கொரிந்தியருக்கு எழுதியதைப் பிரசங்கித்தவர்கள் இருந்தார்கள். அடிமைகளை வைத்திருந்த எசமானர்களும் அதையே காட்டினார்கள். அழைத்தலும் தலைவிதியும் ஒன்றல்ல. தலைவிதி "அங்கேயே கிட" என்கிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மோசேயை இறைவன் அழைத்தது, ஆட்டை இன்னும் நன்றாக மேய்க்கச் சொல்வதற்கல்ல. பார்வோனின் முகத்துக்கு முன்னால் போய் நிற்பதற்காக. ஆதலால் ஒரு தொழிலாளி சங்கம் அமைக்கப் புறப்படுவதும், ஒரு தாய் தன் மகள் தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறிப் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் அழைப்பைக் கேட்டதன் அடையாளமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களை "இருக்கிறதைக்கொண்டு திருப்திப்படு" என்று அடக்குகிற மேய்ப்பர் யாருடைய குரலில் பேசுகிறார் என்று தன்னையே கேட்டுப் பார்க்க வேண்டும்.

மறுபடியும் அந்தக் குளத்துக் கிராமத்துக்கு வருகிறேன். கருத்தரங்கு முடிந்த மாலை, "அரை" என்று எண்ணப்பட்ட அந்த மனிதரோடு குளக்கட்டில் நடந்தேன். அவர்தான் அந்த ஊர் வட்டவிதானை என்பது அப்போதுதான் தெரியவந்தது. வாய்க்காலில் யாருக்கு எந்த நேரம் தண்ணீர் என்று முறை வைத்துத் திறந்து பூட்டுகிறவர். சம்பளம் என்று பெரிதாக இல்லை. அறுவடையில் கமக்காரர் நெல்லாகக் கொடுப்பதுதான். வருடந்தோறும் கூட்டம் கூடித் தெரிவு செய்வார்கள்.

முந்திய ஆண்டு சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் காணாமல் போயிருக்கிறது. பெரிய காணிக்காரர் ஒருவர் இரவில் தன் பக்கம் திறந்துவிடும்படி ஆள் அனுப்பினாராம். இவர் திறக்கவில்லை. அடுத்த நாள் உறவினர் ஒருவர் மூலம் காசும் வந்ததாம். அதற்கும் திறக்கவில்லை. இவருடைய சொந்த வயல் வாய்க்காலின் கடைசியில். முறைப்படி எல்லாருக்கும் விட்டு முடிந்து இவர் பக்கம் வந்தபோது தண்ணீர் இல்லை. அரைவாசிப் பயிர் கருகிவிட்டது. மனைவி இரண்டு கிழமை கதைக்கவில்லையாம். அதைச் சொல்லும்போதுதான் மனிதர் முதன்முறையாகச் சிரித்தார்.

"ஏன் அண்ணை, உங்கள் வயலுக்காவது கொஞ்சம் முந்தித் திறந்திருக்கலாமே?" என்றேன்.

"தம்பி, பொழுது பட்டாப் பிறகு வான்கதவடியில நான் தனியத்தான் நிற்கிறது. ஒருத்தரும் பார்க்கமாட்டினம். குருமடத்தில செபத்துக்கு மணியடிச்சா எல்லாரும் போவினம், நானும் போவன். இங்க மணியுமில்லை, ஆளுமில்லை. அதால எனக்கு இங்கதான் பயம் கூட" என்றார்.

அவருடைய ஊரவர் அவரை அரை ஆளாக எண்ணியிருந்தார்கள். அவரும் தம்மை அப்படித்தான் எண்ணியிருந்தார். இருபது வருடங்களாக, தாம் இறைவனுக்குக் கொடுத்த வாக்கை மீறி ஓடிவந்தவர் என்ற குற்ற உணர்ச்சி. அவரது பணி அந்தக் குளக்கட்டில் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல எங்கள் பங்குகளில் ஒருவர்கூட இருக்கவில்லை. எங்கள் நிலையங்களைச் சேர்ந்த நாங்களும் பத்து வருடமாக அங்கே போய் வருகிறோம்; கடன் திட்டம், கிணறு, விதைநெல் எல்லாம் பேசியிருக்கிறோம். இதைப் பேசியதில்லை. அந்த ஆளின் நேர்மையை நம்பித்தான் எங்களது விதைநெல்லும் விளைந்தது என்பது எந்த அறிக்கையிலும் வரவில்லை.

நான் இருக்கிற பங்கில் அடுத்த இறை அழைத்தல் ஞாயிறுக்கு முன், பங்குச் சபைக் கூட்டத்தில் ஒரு சிறு யோசனை வைத்தேன். குருக்கள், துறவியருக்கான மன்றாட்டோடு வட்டவிதானைமாருக்கும், தாதிமாருக்கும், ஆசிரியருக்கும், சங்கக்கடை முகாமையாளருக்கும் ஒரு மன்றாட்டுச் சேர்ப்போம், அவர்களில் ஒருவரை அன்று பேசவும் அழைப்போம் என்றேன். செயலாளர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, "சங்கக்கடை மனேஜருக்குமா?" என்று கேட்டார். சபை சிரித்தது. நிறுவையைப் பற்றிய பழைய முறைப்பாடுகள் கிளம்பின. அரை மணித்தியாலம் வாக்குவாதம். மனேஜர் பின்வரிசையில்தான் இருந்தார். எழும்பி, "ஓம், மற்ற ஆட்களுக்குப் பிறகு பாருங்கோ, முதல் மன்றாட்டு எனக்கு வையுங்கோ" என்றார்.