மரத்தில் படரும் செம்மை நோயன்று

கோல சிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரையிலான தோட்டப்புறங்களில், முதிர்ந்த மரங்களின் அடியிலும் பழைய சுவர்களிலும் செங்காவியைக் குழைத்துப் பூசினாற்போலப் படர்ந்திருக்கும் ஆரஞ்சு வர்ணத்தைக் கண்டு, 'மரத்துக்குச் சொறி பிடித்துவிட்டது' என்று சுரண்டியெறிந்து சுண்ணாம்பு அடிப்போர் நம்மிடையே இருக்கின்றனர். அச்செய்கையால் மரத்துக்கு யாதொரு உபகாரமும் இல்லை என்பது என் துணிபு.

சற்றே அருகில் சென்று நகத்தால் கீறிப் பார்த்தால் விஷயம் பிரத்தியட்சமாக விளங்கும். பஞ்சுபோல் உதிர்வது டிரென்டிபோலியா என்னும் பாசி. ஜாதியில் அது பச்சைப் பாசியே, காரட்டுக்கு நிறமளிக்கும் அதே பொருள் அதன் பசுமையை மறைத்துவிடுகிறது. அதன் பக்கத்திலேயே பட்டையோடு பட்டையாக ஒட்டி, வெளிறிய தோலின்மீது கறுப்பு மையால் கிறுக்கினாற்போல் இருப்பது கிராபிஸ் என்னும் லைக்கன். அதைக் கீறினாலும் உள்ளே அந்த ஆரஞ்சுச் சாயல் தென்படும். ஏனெனில், பூஞ்சை கட்டிய வீட்டுக்குள் இந்தப் பாசிக் குடும்பமே குடியிருந்து, சூரிய ஒளியைக் கொண்டு இருவருக்கும் அன்னம் சமைக்கிறது. இந்த அந்யோந்ய வாழ்வை 1867-இல் ஷ்வெண்டனர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் எடுத்துரைத்தபோது பண்டிதர் பலர் ஏற்க மறுத்தனர். நம் அடுக்களைக் கல்பாசியும் இத்தகைய லைக்கன்தான்.

இலைகளில் துருப்புள்ளியாக விழும் நோய்ப்பாசி வேறு. பட்டைமேல் வாழும் இவையோ மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, உட்கார இடம் மட்டுமே கேட்கின்றன. வேரில்லாத லைக்கன், காற்றும் மழையும் கொணர்வதையே பருகி ஜீவிப்பதால், நச்சுப் புகை சூழ்ந்த இடத்தில் முதலில் மடிவதும் அதுவே. பாரிஸ் நகரில் இதை நைலாண்டர் 1866-இலேயே கண்டு சொன்னார். புகைமூட்டத்தின் கொடுமையை அனுபவித்த நாம், அந்தச் சாட்சியையா சுரண்டி அழிப்பது?

இதே வட்டாரத்தில், 1917-இல் மலாயாவின் முதல் வர்த்தகச் செம்பனைப் பயிர் ஊன்றப்பட்ட தென்னமரம் தோட்டத்தின் பெயரே தமிழ். பட்டையின் கனத்தைக் கத்திமுனையாலேயே அளந்து, ரப்பர் மரத்துக்குக் காயம் படாமல் பால் வெட்டிய பரம்பரை நம்முடையது. அந்தச் சூட்சுமப் பார்வை பால்மரங்களோடு போய்விடலாகாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஒரு பூதக்கண்ணாடியுடன் மாணவர்களை மரத்தடிக்கு அழைத்துச் சென்று, அந்தக் கறுப்புக் கிறுக்கல்களை ஒருமுறை காட்டட்டும். பிறகு சுண்ணாம்பு வாளியோடு வருகிற தகப்பனாரை அந்தப் பிள்ளையே தடுத்து நிறுத்தும்.