அனாதை என்று எழுதாதீர்கள்

'அனாதை' என்ற சொல்லை மொழிபெயர்ப்பாளர்கள் கொஞ்ச காலம் பூட்டி வைக்கலாம். திருப்பூரில் உட்கார்ந்து மில் பெண்களின் வாக்குமூலங்களை ஆங்கிலமாக்கித் தருகிறவன் நான். அங்கிருந்து அது ஜெர்மனுக்குப் போகும். 2023 ஜனவரியிலிருந்து அங்கே சப்ளை செயின் சட்டம் அமலில் இருக்கிறது. நம்மிடம் பனியன் வாங்குகிற பெரிய கம்பெனிகள் தொழிலாளியின் புகாருக்கும் வழி வைத்திருக்க வேண்டும்.

ஒரு பெண் சொல்கிறாள்: "அப்பா செத்துட்டாருங்க, அம்மா செக்கிங் போறாங்க." இதை 'ஆர்ஃபன்' என்று சுருக்கச் சொல்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல் செத்தது யார் என்று சொல்லாது. யுனிசெஃப் கணக்கில் ஒருவரை இழந்தாலும் ஆர்ஃபன்தான். ஜெர்மன் அப்படி விடாது: ஒருவரை இழந்தால் 'ஹால்ப்வைசே', இருவரையும் இழந்தால் 'ஃபோல்வைசே'. ஆங்கிலப் பிரதியை மட்டும் பார்க்கிற ஜெர்மன்காரர் ஊகிக்கத்தான் செய்வார். ஊகம் தப்பினால், ஒன்றரை ஷிப்ட் பார்த்து வீட்டை நடத்துகிற அம்மா காகிதத்தில் செத்துப்போவார்.

"தமிழிலேயே அனாதைன்னு இருக்கே" என்பார்கள். இருக்கிறது, வசவாக. நாதன் இல்லாதவர், அதாவது உடையவன் இல்லாதவர். இதே பகுதி மில்களில் 'சுமங்கலித் திட்டம்' ஓடியது: ஏழைப் பெண்களை ஹாஸ்டலில் வைத்து மூன்று வருஷம் வேலை வாங்கி, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். ஒரு சொல் ஆண் போனதைச் சொல்கிறது, இன்னொன்று ஆண் வரப்போவதைச் சொல்கிறது. நடுவில் நூல் நூற்றவள் எந்தச் சொல்லிலும் இல்லை. அரசாங்கத்தின் 'ஆதரவற்றோர்' மரியாதையான சொல்தான். ஆனால் ஆதரவாக நிற்கிற அம்மாவை அதுவும் அழிக்கிறது.

தந்தையை இழந்த பாரி மகளிர் பாடியதாகச் சொல்லப்படும் புறநானூறு 112இல் இந்தச் சொல்லே கிடையாது. போனது யார், போனது எது என்று நேராகச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. 'ஆர்ஃபன்' என்பதற்கும், வேலையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'அர்பைட்'டுக்கும் வேர் ஒன்றே என்று சொற்பிறப்பியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். பெற்றோர் இல்லாத பிள்ளை பிறர் வீட்டில் உழைக்க வேண்டியிருந்ததாம். நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை.

எனக்கு வேண்டியது புதுக் கலைச்சொல் இல்லை. அவள் சொன்ன வாக்கியத்தை அப்படியே வாக்கியமாக எழுதுங்கள். அப்பா இறந்துவிட்டார். அம்மா வேலைக்குப் போகிறார். எந்த மொழிக்கும் இது போகும். ஒரு சொல்லை மிச்சம் பிடிப்பதற்காக உயிரோடு இருக்கிற அம்மாவைக் கொல்ல யாருக்கும் உரிமை இல்லை.