துணிக்கூரைக்கு ஓர் ஆள் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தளி சாலையோரம் டீ குடிக்க நின்றால் நாலைந்து தார் வண்டிகளாவது போவதைப் பார்க்கலாம். சில கர்நாடகப் பதிவு எண், சில நம்ம டி.என். 70. அவற்றில் துணிக்கூரை போட்டவை கொஞ்சம்தான். ஆனால் டீக்கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பது அவற்றைத்தான். அதிலும் கூரையைக் கழற்றிவிட்டுப் போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையாட்டுவார்கள்.

என் மகனிடம் இருப்பதும் அப்படி ஒன்று. 2021-ல் வாங்கினான். கெட்டிக் கூரையிலும் கிடைத்தது, துணியிலும் கிடைத்தது. துணிதான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கினான். அந்த வண்டியோடு இத்தனை நாள் குடித்தனம் நடத்திய உரிமையில் என் கருத்தைச் சொல்கிறேன். துணிக்கூரை வண்டி வாங்குகிறவர் கூடவே ஓர் ஆளின் வேலையையும் வாங்குகிறார். அந்த வேலையைச் செய்ய வீட்டில் யாரும் இல்லையென்றால் பேசாமல் கெட்டிக் கூரையே வாங்கிக்கொள்வது நல்லது.

இந்த எண்ணம் எனக்குத் தாரைப் பார்த்து வந்ததல்ல. எழுபதுகளின் கடைசியில் ஓர் அரசு அலுவலகத்தில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தபோது அங்கே ஒரு மகிந்திரா ஜீப் இருந்தது. மேலே காக்கிப் படுதா, உள்ளே வளைவுக் கம்பிகள், பக்கவாட்டில் கொக்கி போட்டு மாட்டும் திரைகள். 1947-ல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை உதிரி பாகங்களாக வரவழைத்துப் பூட்ட ஆரம்பித்த கம்பெனி, பல பத்தாண்டுகள் அதே முகத்தோடு வண்டிகளைச் செய்துகொண்டிருந்தது. வில்லிஸ் ஜீப் போருக்காகப் பிறந்தது. எடை குறைவாக இருக்க வேண்டும், மடக்கினால் தாழ்வாகத் தெரிய வேண்டும். அதனால்தான் துணிக்கூரையும், பானெட் மேல் மடக்கிச் சாய்க்கும் கண்ணாடியும். யாரும் காற்று வாங்குவதற்காக அதைச் செய்யவில்லை.

எங்கள் ஜீப் ஓட்டுநருக்கு அப்போதே ஐம்பது வயது இருக்கும். என்னைத் "தம்பி" என்பார், நான் "அண்ணே" என்பேன். காலை எட்டரைக்கு வந்து முதலில் படுதாவைத் தட்டி உதறுவார். வெயில் நாளில் பக்கத் திரைகளைச் சுருட்டிக் கட்டுவார். மழைக்காலத்தில் அவிழ்த்து மாட்டுவார். நனைந்த படுதாவை மடித்து வைக்கவே மாட்டார். ஷெட்டில் கயிறு கட்டிக் காயப்போட்டுவிட்டு, பேருந்து பிடித்து வீட்டுக்குப் போவார். தையல் விட்ட இடத்தைக் கோணூசியும் மெழுகு தேய்த்த நூலும் வைத்து அவரே தைப்பார். "ஈரத்தோட மடிச்சா பூஞ்சணம் புடிச்சிரும் தம்பி, அப்புறம் ஆபீசரு மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் ஒக்காரணும்" என்பார்.

அந்த ஜீப்பின் லாக் புத்தகத்தை எழுதி முடித்து மேலதிகாரியிடம் வைப்பது என் வேலைகளில் ஒன்று. தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், கிலோமீட்டர், டீசல், பயணத்தின் நோக்கம் எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. படுதாவுக்குப் போன நேரத்துக்குக் கட்டம் கிடையாது. படுதாவையே மாற்ற வேண்டுமென்றால் மூன்று விலைப்புள்ளி வாங்கிக் கோப்பு எழுத வேண்டும். அனுமதி வருவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். அவர் பழைய படுதாவின் மேல் இன்னொரு ஒட்டுப் போடுவார்.

இன்று தார் வாங்கும் இளைஞர்கள் அந்த ஜீப்பின் உருவத்தை வாங்குகிறார்கள். அந்த ஓட்டுநர் வண்டியோடு வருவதில்லை. அவர் செய்த வேலையை யாராவது செய்துதானே ஆக வேண்டும்? எங்கள் வீட்டில் முக்கால்வாசி நான் செய்கிறேன். ஓய்வூதியக்காரனுக்குப் பொழுது போகிறது, அதனால் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மூன்று ஷிஃப்ட் கம்பெனியில் கணவன், பெங்களூருக்குத் தினம் போய்வரும் மனைவி என்று இருக்கிற வீட்டில் யார் செய்வார்கள்?

என்னென்ன வேலை என்று சொல்கிறேன். முதலில் தூசி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் லாரிகளும் ஜல்லி லாரிகளும் போகாத சாலை குறைவு. அந்தத் தூள் ஜன்னல் ஜிப்புகளில் போய் உட்கார்ந்தால், இழுக்கும்போது பல் பெயர்ந்துவிடும். மாதம் ஒரு தடவை பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, மெழுகுவர்த்தியை ஜிப்பின் மேல் ஓட்டி விடுகிறேன். பிளாஸ்டிக் ஜன்னலை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது; தூசியே உப்புத்தாள் போல வேலை செய்து கீறிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு ஈரத் துணியால் ஒற்ற வேண்டும். பெட்ரோல், தின்னர் பக்கம் போகவே கூடாது. என்ன செய்தாலும் சில வருடத்தில் வெயில் பட்டு மஞ்சளாகும், அது விதி.

கழற்றி மாட்டுவதற்கும் வேளை பார்க்க வேண்டும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். மார்கழிக் காலையில் அந்தத் துணியும் பிளாஸ்டிக்கும் அட்டை மாதிரி விறைத்துச் சுருங்கியிருக்கும். அப்போது இழுத்து மாட்டினால் கொக்கி எட்டாது. பிளாஸ்டிக்கை மடக்கினால் கோடு விழுந்து பிறகு அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். பதினோரு மணி வெயிலில் அரை மணி நேரம் காயவிட்டு மாட்டினால் தானாக வந்து உட்காரும். இதை என் மகனுக்கு நான் சொல்லவில்லை. சீட் கவர் தைக்கும் குஷன் கடைக்காரர் சொன்னார், எனக்கு ஓட்டுநர் அண்ணன் ஞாபகம் வந்தது.

மழை நீர் ஒரு சொட்டும் உள்ளே வரக்கூடாது என்பவர் இந்தப் பக்கம் வரவேண்டாம். 2020 அக்டோபர் 2-ல் வந்த புதிய தாரின் தரையில் தண்ணீர் வடிய அடைப்பான் வைத்துத்தான் விற்கிறார்கள். செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். மடக்கும் துணிக்கூரைக்குப் பிரெஞ்சில் 'கபோத்' என்று பெயர். கூரை மடங்கும் வண்டி 'தெகபொத்தாப்ள்'. அதே அகராதிப் பக்கத்தில் 'கபோத்தே' என்று ஒரு வினைச்சொல் இருக்கும்: வண்டி குப்புறக் கவிழ்வது. பள்ளியில் இது எங்களுக்குச் சிரிப்பு. இப்போது பேரப்பிள்ளைகளை அந்த வண்டியில் ஏற்றும்போது சிரிப்பு வருவதில்லை. புதிய தாரில் உள்ளே இரும்புக் கூண்டு இருக்கிறது, உண்மை. ஆனால் கூண்டு காப்பாற்றுவது பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவரைத்தான். கூரையைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளைச் சீட்டின் மேல் நிற்கவைத்து வீடியோ எடுத்தபடி போகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்று: கூரை இறங்கினால் எல்லா பெல்ட்டும் மாட்டிய பிறகுதான் சாவி திரும்பும். மருமகள் போட்ட சட்டம் இது, நான் காவல்காரன்.

இன்னொரு விஷயம், இது எழுத்தர் புத்தி. துணிக்கூரை வாங்கி ஒரு மழைக்காலம் பட்டதும், பெங்களூரில் ஃபைபர் கூரை வாங்கித் திருகிக்கொள்ளலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். ஆர்.சி.யில் பாடி வகை என்று ஒன்று எழுதியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைக் கண்டிப்பாகவே சொல்லிவிட்டது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. நமக்கோ இரண்டு மாநிலக் காவலர்கள். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. அபராதத்தையாவது கட்டிவிடலாம். விபத்தாகி, ஆர்.சி.யில் ஒன்றும் வண்டியில் ஒன்றுமாக இருந்து, காப்பீட்டுக்காரர் கைவிரித்தால் என்ன செய்வது? கூரையை முடிவு செய்ய வேண்டிய இடம் ஷோரூம். வாங்கிய பிறகு அல்ல.

இவ்வளவு சொல்கிறவன் துணிக்கூரைக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். 2024-ல் வந்த ஐந்து கதவு ராக்ஸில் துணிக்கூரையே இல்லை என்று கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் காட்டப்பட்ட சித்ரோயன் 'தெ ஷ்வோ' வண்டிக்கும் சுருட்டுகிற துணிக்கூரைதான். கிராமத்து விவசாயி உயரமான சாமானை ஏற்றலாம், இரும்பும் மிச்சம். எங்கள் பாடப்புத்தகத்தில் அதன் படம் இருந்தது. உழைக்கிற வண்டிக்கு அந்தக் கூரை அழகு. சென்ற ஆண்டு ஆள் உயரத் தென்னங்கன்றுகளைத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் கொண்டுபோனபோது எங்கள் தாரும் கூரையைத் திறந்து நிற்கவைத்தே சுமந்தது. அறுவடை முடிந்த கேழ்வரகு வயலின் வாசனை உள்ளே வந்தது. கெட்டிக் கூரைக்குள் ஏசி போட்டுக்கொண்டு போகிறவருக்கு அது கிடைக்காது.

நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்டினால் படபடவென்று அடித்துக்கொள்ளும், பேச முடியாது. நானும் என் மகனும் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் அல்ல, பாதகமில்லை. வெளியே நிறுத்தும்போது உள்ளே ஒரு பொருளும் வைப்பதில்லை. பிளேடு ஒன்று போதும் திருடனுக்கு.

இப்போது பின் ஜன்னல் மஞ்சளாகி, இரவில் பின்னால் வரும் லாரி விளக்கு மங்கலாகத் தெரிகிறது. புது ஜன்னல் தைக்கக் குஷன் கடையில் சொல்லியிருக்கிறோம். தை வெயில் கொஞ்சம் ஏறட்டும், அதுவரை ராத்திரியில் எடுக்காதீர்கள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.